அந்த அம்மாள் கேஸை எடுத்தாயா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி நடக்க ஆரம்பித்த செய்தியைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவன், அடுத்த பத்தியில் நின்றுவிட்டேன். இதயத்தின் பம்பிங் வெறும் 20 சதவீதம், சிறுநீரகமும் சரியில்லை, அந்த அம்மாளுக்கு பைபாஸ் செய்வதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். டாக்டர் பெயரோடு ஆபரேஷன் இறப்பு விகிதத்தை வெளியிடப்போகிறார்கள் என்பதை அதே வரியில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறாய். சம்பந்தம் இருக்கிறதடா.

நியூயார்க் மாநிலம் 1989இல் பைபாஸ் இறப்புக் கணக்குகளைத் திரட்டத் தொடங்கியது. முதலில் மருத்துவமனை வாரியாகத்தான் வெளியிட்டார்கள். 1991இல் ஒரு நாளிதழ் கோர்ட்டுக்குப் போய் டாக்டர் வாரியான விவரத்தையும் வாங்கிவிட்டது. நோயாளியின் நிலைமையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும் இறப்பு 1992க்குள் 4.17 சதவீதத்திலிருந்து 2.45க்கு இறங்கியது. நல்லதுதானே என்று நானும் அன்று வாதாடினேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

பென்சில்வேனியாவிலும் இப்படி வெளியிட்டார்கள். அங்கே இதய அறுவை நிபுணர்களிடம் விசாரித்தபோது, மிக மோசமான நிலையில் வருபவர்களைத் தொடத் தயக்கம் கூடிவிட்டதாக 63 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். நியூயார்க்கில் வேறொரு கூத்து. கணக்கு வெளிவரத் தொடங்கியதும், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களாகப் பதிவானோர் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. ஊர் நுரையீரல் திடீரென்று கெட்டுப்போகுமா? நோயாளி ஏற்கனவே மோசம் என்று பதிவு செய்தால், இறந்தாலும் டாக்டர் கணக்கு அவ்வளவு கெடாதே. கடைசியில் 2006இல், ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் வைத்து அடைப்பை நீக்குவது) கணக்கிலிருந்து, இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் உயிருக்குப் போராடும் கார்டியோஜெனிக் ஷாக் நோயாளிகளையே விலக்கினார்கள். அவர்களைக் கைவிடாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை போலும்.

வருடத்துக்கு நூறு கேஸ் செய்கிறோம் என்று வை. இரண்டு பேர் போனால் இரண்டு சதவீதம். கெட்ட நேரத்தில் இன்னும் இரண்டு பேர் போனால் இரட்டிப்பு. கை அதே கைதான். படிக்கிறவருக்கு அது தெரியாது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஒரு மாதத்தில் எனக்கு இரண்டு டெத். மூன்றாவதாக வந்தவர் எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு. "மருந்திலேயே பார்க்கலாம்" என்றேன். அவர் மகன் நிதானமாகக் கேட்டான்: "உங்களால முடியாதா டாக்டர், இல்ல நீங்க செய்ய மாட்டீங்களா?" முடியாது என்றேன். பொய். மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார். எந்தப் பட்டியலிலும் அவர் என் கணக்கில் வரவில்லை.

அதனால் வெளியிடவே கூடாது என்று சொல்லவில்லை. மறைத்து வைத்த காலமும் நாம் பார்த்ததுதானே. தப்பு செய்கிறவனை யாரும் கேட்டதில்லை. ஆனால் திருப்பி அனுப்பியவர்களையும் எண்ண வேண்டும், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதோடு. நான் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். பெயர் கிடையாது, தேதி, நிலைமை, ஏன் வேண்டாமென்றேன். காரணத்தை எழுதும்போதுதான் பேனா தடுமாறுகிறது.

அந்த அம்மாள் விஷயத்தை நீ தனியாக முடிவு செய்யாதே. திங்கட்கிழமை மீட்டிங் போட்டு, கார்டியாலஜிஸ்ட், மயக்க மருந்து டாக்டர், இன்னொரு சர்ஜன், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசு. முடிவில் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். குடும்பத்திடம் ரிஸ்க்கை எண்ணாகவே சொல்லிவிடு.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள் என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்காதே.

அந்த மீட்டிங்கில் என்ன முடிவானது என்று உடனே எழுது.

உன் பழைய ஹாஸ்டல் அறைத் தோழன்