கயித்த அறுத்தது யாரு?

டேய் ஜிஎம்மு,

திட்டாத. எட்டு மாசமா ஒரு மெசேஜ் கூட போடலன்னு எனக்கே தெரியும். உன் பிறந்தநாள மறந்துட்டேன், மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு, இனிமே சொன்னா அசிங்கம்னு விட்டேன், அந்த அசிங்கத்துக்கு பயந்தே மாசக்கணக்கா ஓடிப்போச்சு. நல்லாருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சரி, விஷயத்துக்கு வர்றேன்.

உன்னோட ஒத்தக்கண்ணு படகுக்காரர் செத்துட்டார்னு நினைக்கிறேன். காரணம் நான்தான்.

இரு, முழுசா படி. நீ ஜிஎம்மா, அதாவது கேம் மாஸ்டரா, கதைய நடத்த, நாங்க ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடின நம்ம செட்டு கலைஞ்சப்புறம் புரொபசர் புதுசா ஆள் சேக்கறேன்னு குரூப் ஆரம்பிச்சான்ல, அதுல "எந்த நாள் ஓகே"ங்கற கேள்விய தவிர வேற எதுவும் நடக்கல. வெறுத்துப்போய் தனியாவே ஆட ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கமும் நீயே உக்காந்து செஸ் ஆடற மாதிரியான்னு கேப்ப, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இது நேத்து முளைச்ச கூத்து இல்லடா. இந்த மாதிரி கேமுக்கெல்லாம் முன்னோடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974, அடுத்த வருஷமே அத உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கைகாக்ஸ் தனியா ஆடறவங்களுக்கு அட்டவணை போட்டுக் குடுத்துட்டாரு, வழி எங்க திரும்புது, ரூம்ல என்ன இருக்கு எல்லாம் டைஸே சொல்லும். ஜிஎம் இல்லாம ஒண்ணும் ஆட முடியாதுன்னு எங்கள மிரட்டி வெச்சிருந்தியே பாவி.

நான் ஆடறது அயர்ன்ஸ்வோர்ன்ங்கற கேம், 2018ல வந்தது, பிடிஎஃப் ஃப்ரீ. ஜிஎம்முக்கு பதிலா ஆரக்கிள், அதாவது நாம கேக்கற கேள்விக்கு டைஸே பதில் சொல்லும். ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேக்கணும், ஆனா உருட்டறதுக்கு முன்னாடியே வாய்ப்பு எவ்ளோன்னு நாமளே முடிவு பண்ணணும். ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் உருட்டறதுல, பாதிக்குப் பாதின்னா 51லேர்ந்து ஆமா, கஷ்டம்னா 76, ரொம்பக் கஷ்டம்னா 91. முதல் நாள் ஒரே காமெடி. கதவு பூட்டியிருக்கா, உள்ள வெளிச்சம் இருக்கா, எலி இருக்கான்னு கேட்டுக் கேட்டு ரெண்டு மணி நேரத்துல ஒரு ரூம தாண்டல. அப்புறம்தான் உறைச்சுது, ஆமான்னாலும் இல்லன்னாலும் கதை நகரும்னா மட்டும்தான் கேக்கணும், மத்தத நாமளே சொல்லிட்டுப் போயிட்டே இருக்கணும். நீ பல நேரம் சும்மா ஸ்க்ரீனுக்குப் பின்னாடி டைஸ உருட்டற மாதிரி சத்தம் மட்டும் குடுத்தது எதுக்குன்னு இப்பதான்டா புரியுது, ஃப்ராடு.

திருட்டுத்தனமும் பண்ணியிருக்கேன். பிடிக்காத நம்பர் வந்தா டைஸ் நோட்டு மேல சாஞ்சிருச்சுன்னு மறுபடி உருட்டுவேன். பாக்கறதுக்கு ஆளே இல்ல, யாருக்கு இந்த சாக்கு சொல்றேன்னு எனக்கே தெரியல.

போன சனிக்கிழமை ராத்திரி. ஆறு பொங்கி ஓடுது, படகு கவுந்துருச்சு, படகுக்காரரு தண்ணியில, கயித்தோட இந்த முனை என் இடுப்புல. (அவர ஏன் என் கதைக்குள்ள கூட்டிட்டு வந்தேன்னு கேக்காத. ஆத்தங்கரைன்னு எழுதின உடனே "கூலி ரெண்டு மடங்கு"ன்னு உன் குரல்லயே வந்து நின்னுட்டாரு.) இழுக்கறேன். ஆறுமுக டைஸ்ல 1. என் கேரக்டரோட பலம், அதாவது அயர்ன், 3, ஆக மொத்தம் 4. எதுத்தாப்புல பத்துமுக டைஸ் ரெண்டுலயும் 9. மிஸ், அதுவும் ஜோடி. ஜோடி வந்தா சும்மா தோக்கறது இல்ல, கதையே வேற பக்கம் திரும்பணும். மொமெண்டம்னு சேத்து வெக்கற பாயிண்ட் 10 இருந்திருந்தா அத எரிச்சு தப்பிச்சிருப்பேன், என்கிட்ட இருந்தது 7.

என்ன திருப்பம்னு ஆரக்கிளோட வார்த்தை அட்டவணைய வெச்சு உருட்டினேன். ரெண்டே வார்த்த. கைவிடு. கூட்டாளி.

யாரு யாரடா கைவிடறது? அவரே முடிச்ச அவுத்துக்கிட்டு என்னைய காப்பாத்தினார்னு எழுதலாம், அழகா இருக்கும், நானும் நல்லவனா தப்பிச்சிருவேன். பேனாவ வெச்சுக்கிட்டு அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். என் கேரக்டர் அப்படிப்பட்டவன் இல்லடா, பயந்தாங்கொள்ளி, நான்தானே உருவாக்கினேன். கத்திய எடுத்து அறுத்தான்னு எழுதிட்டேன். எழுதிட்டு தூங்கவே முடியல, காகிதத்துல இருக்கற கிழவனுக்காக. மூணு வருஷம் நம்ம டேபிள்ல எல்லாரையும் ஏமாத்தி காசு புடுங்கின ஆளுடா அவரு.

அன்னிக்கு ராத்திரியே உனக்கு எழுதணும்னு தோணிச்சு.

ஒரே ஒரு கேள்விய மட்டும் இன்னும் உருட்டாம வெச்சிருக்கேன். அவரு நீந்திக் கரையேறினாரா? வாய்ப்ப நான் போட்டா நம்ப முடியாது, எனக்கு அவரு பொழைக்கணும், கூசாம 26ன்னு போட்டுருவேன். அவருக்கு நீச்சல் தெரியுமா தெரியாதான்னு உனக்குத்தான் தெரியும். நம்பர மட்டும் அனுப்பு, 51ஓ 91ஓ எதுவா இருந்தாலும் சரி. வீடியோ கால்ல உன் கண்ணு முன்னாடிதான் உருட்டுவேன், டைஸ் சாஞ்சுதுன்னு கத விட மாட்டேன். அந்தாளு பொழைச்சு வந்தா என்ன கூலி கேப்பாருன்னு இப்பவே கணக்கு போட்டு வை.

இப்படிக்கு
உன்னோட பழைய திருடன்