மழைக்கு முன்னே வரும் மின்னல்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. ஆண்டுக்குப் பதினொரு அங்குலம் மழை காண்பதே அரிதான ஊரில் இத்தனை இடியும் மின்னலும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டிருந்தாய். வாழ்நாளெல்லாம் இயற்பியல் கற்பித்தவனின் கேள்வி என்பதால் ஒரு வாரம் யோசித்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நான் வாழும் டூசான் நகருக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி இந்தக் கோடை மழைப் பருவத்தில்தான் பெய்கிறது. ஜூன் மாதத்தில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெயிலில் நிலம் வெந்து கிடக்க, அதுவரை மேற்கிலிருந்து வீசிய வறண்ட காற்று திசை மாறி, மெக்சிகோவின் பக்கமிருந்தும் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நகருக்கு வடக்கே நிற்கும் சாண்டா கேட்டலினா மலைத்தொடர் அந்த ஈரக்காற்றை மேலே ஏற்றிவிடுகிறது. காலையில் துடைத்து வைத்ததுபோல் இருக்கும் வானில், நண்பகலில் 2,791 மீட்டர் உயர லெம்மன் மலைக்கு மேல் ஒரு வெண்பொதி தோன்றி, மூன்று மணிக்குக் கறுத்து, மாலைக்குள் ஊருக்குள் இறங்கிவிடும். முன்பெல்லாம் சராசரிப் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) தொடர்ந்து 3 நாள் 54 பாகை ஃபாரன்ஹீட்டைத் தொட்டால்தான் பருவம் தொடங்கியதாகக் கணக்கு. 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று தேதி குறித்துவிட்டார்கள்; மேகங்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலும். எனக்கு என் வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்க் கூலரே போதும். ஜூனில் வீட்டைச் சில்லென்று வைத்திருக்கும் அது, காற்றில் ஈரம் ஏறியதும் வெறும் புழுக்கத்தை ஊதத் தொடங்கும். அன்றுமுதல் நான் மலையைப் பார்க்கத் தொடங்குவேன்.

இங்கு நான் அஞ்சக் கற்றுக்கொண்டது கொட்டும் மழையோடு வரும் மின்னலை அல்ல, மழையில்லாமல் வரும் மின்னலைத்தான். பருவத்தின் தொடக்கத்தில் மேகத்தின் அடிப்பகுதி மிக உயரத்தில் இருப்பதால், அதிலிருந்து விழும் மழை வறண்ட காற்றிலேயே ஆவியாகி, சாம்பல் நிறத் திரைபோல் பாதி வழியில் தொங்கி நின்றுவிடும். அப்படி ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபுறமும் புழுதியைக் கிளப்பும். மின்னலுக்கோ அந்தத் தடை எதுவுமில்லை. அது நேராகத் தரைக்கு வந்து காய்ந்த புல்லில் பற்றிக்கொள்கிறது, கூடவே வந்த காற்று அதை ஊதிப் பெருக்குகிறது. 2020 ஜூன் 5 அன்று கேட்டலினா மலையில் மின்னலால் மூண்ட தீ, அணைவதற்குள் ஏறத்தாழ 1,20,000 ஏக்கரை எரித்தது. இரவில் மலைச்சரிவெங்கும் செந்நிறக் கோடாக அது ஊர்ந்ததை நகரமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பருவம் முழுவதும் பெய்தது 1.62 அங்குலம்தான். மறு ஆண்டு ஜூலை ஒரே மாதத்தில் 8.06 அங்குலம் கொட்டி, இந்நகரின் பதிவேட்டில் மிக அதிக மழை பெற்ற மாதம் என்ற பெயரைப் பெற்றது. ஈவிரக்கமற்ற கணக்கு.

உனக்குப் பிடித்தமான ஒரு செய்தியும் உண்டு. மேகத்துக்குள்ளேயே பாயும் மின்னலிலிருந்து தரையைத் தொடும் மின்னலை, அதன் காந்தப்புலத் துடிப்பின் வடிவத்தைக் கொண்டு பிரித்தறிந்து, விழுந்த திசையையும் சொல்லும் கருவியை 1970களில் உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் இங்குள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தின் பிலிப் கிரைடர். நாடு முழுவதும் மின்னலைக் கண்காணிக்கும் வலையமைப்பு அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான். ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைத்திருக்காது.

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் தெருமுனையில் நின்ற சவாரோ கள்ளியின்மீது இடி விழுந்தது. (விழுவது மின்னலே தவிர இடியல்ல என்று நீ வகுப்பில் திருத்துவாய், ஆனாலும் நம் வாய்க்கு இடிதான் விழுகிறது.) அப்போது ஒரு துளி மழை இல்லை, தலைக்கு மேல் வெயில்கூட இருந்தது. நீ சொல்லிக்கொடுத்தபடி மலைப்பக்கத்து மின்னலைக் கண்டு எண்ணினேன். பதினெட்டாவது நொடியில் இடி கேட்டது. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில் ஆறு கிலோமீட்டர், நேரம் இருக்கிறது என்று காரின் கண்ணாடியை ஏற்றப் போனேன். அடுத்தது எண்ணுவதற்கு இடமே தரவில்லை. ஒலியும் ஒளியும் ஒன்றாக அறைந்தன. காது அடைத்துப்போய், கார்க் கதவைப் பிடித்தபடியே நெடுநேரம் நின்றுவிட்டேன். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக்கூடாது என்ற விதி எனக்கு மனப்பாடம், இருந்தும் போனேன். மழை முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது, கிரியோசோட் புதர்களின் வாசனையை முன்னே அனுப்பிவிட்டு. அந்த வாசனைக்காக இவ்வூர்க்காரர்கள் கதவைத் திறந்துவைக்கிறார்கள்; நானும் திறந்தேன், கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

தண்டு முழுக்க நீரைத் தேக்கி வைத்திருக்கும் அந்தக் கள்ளியின் மேற்குப்பக்கச் சதை மட்டும் உச்சியிலிருந்து அடிவரை வெடித்துத் தெறித்திருக்கிறது. உள்ளே விலா எலும்புகள் போன்ற மரக்குச்சிகள் வெளியே தெரிகின்றன. கிழக்குப்பக்கம் பச்சை மாறாமல் அப்படியே நிற்கிறது. அவ்வளவு மின்னோட்டம் ஏன் ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். காலை நீட்டி ஓய்வெடுக்கும் நேரத்தில் பார்த்து, உனக்குத் தோன்றுவதை எழுது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்