வீயோலி மாளிகையைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரின் தென்மேற்கே, வீடுகளுக்கு நடுவே அகழி சூழ்ந்த இடிபாடாகக் கிடக்கிறது வீயோலி. கோட்டை என்பது பெயருக்குத்தான். அரண் கட்டிய நிலக்கிழார் மாளிகை அது. அதன் உருவம் இன்று தெரிகிறதென்றால் பலருக்கு நன்றிக்கடன் இருக்கிறது.

முதலில், 1264இல் அதன் உரிமையாளர் ரோஜர் டி சொமெரி மதிலின் மேல்விளிம்பில் பல்வரிசை (கோட்டைச் சுவர்போல் பல் பல்லாக வெட்டிய அமைப்பு) வைத்துக்கொள்ள அரச அனுமதி எழுதிய எழுத்தருக்கு. ஆனால் அனுமதி வாங்கியவர் எல்லோரும் கட்டிவிடவில்லை. கட்டியவர்களும் அதே ஆண்டில் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த ஆண்டை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, 1950களில் தொல்லியலாளர் ஏட்ரியன் ஆஸ்வால்டுடன் அகழாய்வுக் குழியில் இறங்கியவர்களுக்கு. கல் கட்டடத்துக்கு முந்தைய மரச் சமையற்கூடத்தைப் பலகைச் சுவரோடு மீட்டது அவர்கள்தான். சேற்றுக்கும் ஒரு கும்பிடு போடவேண்டும்! நீர் ஊறிய மண்ணில் காற்று புகாததால்தான் மரம் மக்கவில்லை. அதே மரம் வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே சுருங்கி வெடிக்கும். வெளிப்பட்ட உடனே அளந்து, படமெடுத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, பாலித்தீனில் சுற்றிவிட வேண்டும்.

பிற்காலத்தில் சுவர்க் கல்லைப் பெயர்த்துப் போனவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அவர்கள் தோண்டிய பள்ளம் சுவரின் தடத்தைக் காட்டுகிறது: இளகிய மண், சாந்துத் துகள், சில்லுக் கற்கள். பள்ளத்தின் அகலத்தைச் சுவரின் அகலமாக எடுத்தால் தவறு, ஏனென்றால் கல்லெடுப்பவர் பக்கவாட்டிலும் வெட்டியிருப்பார். அடியில் சாந்துப் படுகை மிஞ்சியிருந்தால் அதை அளக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களில், புதைந்த சுவரைத் தோண்டாமலே தேட, மண்ணின் மின்தடை அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு கயிறு பிடித்து நடக்கும் தன்னார்வலர்களுக்குச் சிறப்பு நன்றி. நிலத்தை 20 மீட்டர்ச் சதுரங்களாகப் பிரிப்பார்கள்; கையில் தூக்கும் கருவியில் அரை மீட்டர் இடைவெளியில் இரு மின்முனைகள், இன்னொரு இணை மின்முனைகளைக் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நட்டு வைப்பார்கள். பெருமழைக்குப் பின்போ நீண்ட வறட்சியிலோ அளந்தால் சுவருக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் மங்கிவிடும். அகழி, சுவர்போல உயர்ந்த மின்தடையைக் காட்டுவதும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி முன்னனுமதி வேண்டும்; தரையைத் தொடாத கருவிக்கும்தான்.

கடைசியாக, குழியை மூடியவர்களுக்கு. அடியில் துணி விரித்துவிட்டு மண் தள்ளியதால், அடுத்து தோண்ட வருபவர் பழைய வெட்டு எங்கே முடிந்தது என்று அந்தத் துணியைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.