கிளியர் வாக்ஸ் இல்லாமல் டார்க் வாக்ஸ் பூசச் சொன்ன உங்கள் செய்முறைத் தாள் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: சாக் பெயின்ட் – டார்க் வாக்ஸ் செட், தவறான செய்முறையால் அலமாரி பாழானது, இழப்பீடும் திருத்தமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

உங்கள் நிறுவனத்தின் சாக் பெயின்ட்டும், அதன்மேல் பூசும் பழுப்பு மெழுகான டார்க் வாக்ஸும் சேர்ந்த செட்டைக் காரைக்குடியில் ஒரு பெயின்ட் கடையில் வாங்கினேன். பில் நகல் இத்துடன் இருக்கிறது. பெயின்ட்டில் எனக்குக் குறை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக மூடியது, சீக்கிரம் காய்ந்தது, நிறமும் டப்பாவில் காட்டியபடியே வந்தது. குறை மெழுகில் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, மெழுகோடு நீங்கள் வைத்து அனுப்பிய செய்முறைத் தாளில் இருக்கிறது.

பெயின்ட் காய்ந்ததும் டார்க் வாக்ஸை பிரஷ்ஷால் தாராளமாகப் பூச வேண்டும், இரண்டு மணி நேரத்தில் சாமானைப் புழங்கலாம் என்று அந்தத் தாள் சொல்கிறது. வேறு ஒன்றும் இல்லை. டார்க் வாக்ஸுக்கு அடியில் பூச வேண்டிய நிறமில்லாத மெழுகு, கிளியர் வாக்ஸ் என்று ஒன்று இருப்பதாகவே அதில் இல்லை. ஆனால் அதே கடையில் உங்கள் கிளியர் வாக்ஸும் தனி டப்பாவில் விற்பனைக்கு இருக்கிறது.

பூசியது எங்கள் அப்பத்தாவின் சீர் சாமான்களோடு வந்த அலமாரியில். பர்மா தேக்கு இல்லை. தேக்காக இருந்தால் அதன்மேல் பெயின்ட் அடிக்க எனக்கு மனசே வந்திருக்காது. இது பலா மரம், எந்தக் காலத்திலோ யாரோ பச்சை எனாமல் அடித்து வைத்தது. இரண்டு கதவிலும் தாமரைக் கொடியும், நடுவில் ஒரு ஜோடி அன்னமும் செதுக்கியிருக்கும். எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுத் தந்த நிறத்தில் உங்கள் பெயின்ட்டை அடித்தேன். செதுக்கலின் பள்ளத்தில் மட்டும் பழுப்பு தங்கி, மேடு வெளுப்பாக நின்றால் அந்த வேலைப்பாடு தூக்கிக் காட்டும். டார்க் வாக்ஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே.

நடந்தது வேறு. பிரஷ் பட்ட இடத்தில் எல்லாம் மெழுகின் பழுப்பு பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டது. உடனே துணியால் துடைத்தும் வரவில்லை. அன்னத்தின் கழுத்தில் ஒரு திட்டு, இறக்கையில் பிரஷ் போன போக்கில் கோடு கோடாக, சட்டத்தின் சமதளத்தில் வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி. பள்ளம் எது, மேடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே அழுக்கு நிறம். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் பாலிஷ்காரர் பார்த்ததுமே, "அடியில கலர் இல்லாத மெழுகு போடச் சொல்லலையா ஆச்சி? இது இனிமே துணிக்கு வராது" என்றார். உங்கள் தாளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுதினவர் ஒரு தடவைகூடப் பூசிப் பார்த்திருக்க மாட்டார் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்று ஒரு பலகையில் செய்து பார்த்தேன். அதே பெயின்ட், அதே டார்க் வாக்ஸ். பலகையின் இடது பாதியில் முதலில் கிளியர் வாக்ஸை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதன்மேல் டார்க் வாக்ஸ். வலது பாதியில் உங்கள் தாள் சொன்னபடி நேராக டார்க் வாக்ஸ். இடது பாதியில் பழுப்பு மேலேயே நின்றது. துடைத்தால் மேட்டிலிருந்து வந்துவிட்டது, கீறலிலும் பள்ளத்திலும் மட்டும் தங்கியது. கொஞ்சம் கூடிப்போன இடத்தில் துணியில் துளி கிளியர் வாக்ஸ் தொட்டுத் தேய்த்ததும் இளகி வந்தது. வலது பாதி என் அலமாரி மாதிரியே ஆகிவிட்டது. பலகையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. சாக் பெயின்ட்டில் சுண்ணாம்புத் தூள் நிறைய இருக்கிறது. அதனால்தான் பளபளப்பு இல்லாமல் காய்கிறது, எது பட்டாலும் குடிக்கிறது. முதலில் கிளியர் வாக்ஸ் போனால் அந்தத் துளைகள் அடைபடும், பின்னால் வரும் நிறத்தை நாம் இழுத்த இழுப்புக்குக் கொண்டுவரலாம். அது இல்லாமல் போனால் நிறமியும் மெழுகும் சேர்ந்து உள்ளே போய்விடும். டர்பன்டைன் போட்டால் மெழுகு கரையும், உள்ளே போன நிறம் போகாது. இந்த ஒரு விஷயத்துக்கு உங்கள் தாளில் ஒரே ஒரு வரி போதும்.

அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் சொன்ன யோசனை, மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள் என்பது. மெழுகின்மேல் வார்னிஷ் பிடிக்காது, பாலியூரித்தேன் பூச்சும் பிடிக்காது. திரளும், இல்லையென்றால் பிறகு உரிந்து வரும். மெழுகை முழுக்கக் கழுவி எடுத்த பிறகுதான் வார்னிஷைப் பற்றிப் பேசவே முடியும். அவர் சொன்னபடி செய்திருந்தால் இரண்டாவது தடவையும் அலமாரி வீணாகியிருக்கும். ஃபோனில் பதில் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இரண்டு மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். மெழுகு தொட்டால் ஒட்டாமல் காய்வதற்கே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் பிடிக்கும். உள்ளே இறுகி முழுப் பலம் வர மூன்று நான்கு வாரம் வேண்டும். அதுவும் மெல்லிசாகப் பூசினால்தான். தாராளமாகப் பூசச் சொல்லும் தாளை நம்பி எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பூசினால், மெழுகு இளகிய நிலையிலேயே கிடக்கும். முற்றத்திலிருந்து வரும் தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். என் அலமாரியின் பக்கவாட்டில் இன்றும் விரல் வைத்தால் ரேகை பதிகிறது.

டப்பாவின் மேல் அட்டையில் மெழுகு பூசிய மேசையில் ஆவி பறக்கும் காப்பி இருப்பதுபோல் படம் போட்டிருக்கிறீர்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். டவராவில் சுடச்சுட ஊற்றும் காப்பி அதைவிடச் சூடு. கார்னோபா என்ற கெட்டியான மெழுகு கலந்திருந்தால் கொஞ்சம் தாங்கும், அது 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். உங்கள் டப்பாவில் எந்த மெழுகு இருக்கிறது? இயற்கை மெழுகு என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைக்கிறது, ஆனால் காற்றோட்டமான இடத்தில் பூசவும், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று எங்கும் எச்சரிக்கை இல்லை. தயாரித்த மாதமும் வருடமும் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பாக்கெட் பொருளில் அது இருந்தாக வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செதுக்கு வேலை உள்ள சாமான் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள்களைத் தேடிக்கொண்டு வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பெயின்ட் அடித்து மெழுகு போடும் பழக்கம் இப்போது பரவுகிறது. உங்கள் செட் அந்தக் கடையில் இன்னும் அடுக்கி வைத்திருக்கிறது, அதே தாளோடு. போய்விட்ட வேலைப்பாட்டைத் திருப்பிச் செதுக்கித் தர இன்று எத்தனை ஆசாரிகள் இருக்கிறார்கள்? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கேட்பது இவை. செட்டின் விலையைத் திருப்பித் தர வேண்டும். அலமாரியில் மெழுகை நீக்கி மறுபடி பெயின்ட் அடிக்கும் கூலியையும் பொருள் செலவையும் ஏற்க வேண்டும். பாலிஷ்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். கடைகளில் இருக்கும் செட்களில் முதலில் கிளியர் வாக்ஸ், அப்புறம் டார்க் வாக்ஸ் என்று தெளிவாக அச்சிட்ட தாளை வைக்க வேண்டும், முடிந்தால் ஒரு சின்ன கிளியர் வாக்ஸ் டப்பாவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். காப்பி டம்ளர் படத்தை எடுத்துவிட வேண்டும். கடைசி இரண்டும் எனக்காக அல்ல, அடுத்து வாங்குபவருக்காக.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ இல்லாத பொருளுக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. பதினைந்து நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு முன் உங்கள் ஆள் யாராவது வந்து பார்க்க விரும்பினால் வரலாம். அலமாரியையும் பலகையையும் அதுவரை கை வைக்காமல் அப்படியே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்.

இணைப்பு: பில் நகல், செய்முறைத் தாள் நகல், அலமாரி மற்றும் பலகையின் படங்கள், செலவு மதிப்பீடு.