உப்பு போடாத கருவாடு

லொஃபோத்தன், நோர்வே
28 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கையெழுத்து ஜெனியுடையதாக இருந்தாலும் நீ சொல்லச் சொல்ல எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "கை முறிஞ்சா போச்சு" என்று அந்தப் பிள்ளை தானாக எழுதாது. நான் கடிதமே போடுவதில்லை என்று நீ கோபப்பட்டது சரிதான். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் சீக்கிரம் வைத்துவிடுகிறேன். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இவருடைய அப்பா அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். விமானம் வேண்டாம், ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று ரயிலில் வந்தோம். ஒஸ்லோவிலிருந்து திரொன்ஹெய்ம், அங்கிருந்து பூடோவுக்குப் பத்து மணி நேரம், அப்புறம் கப்பல். கடல் அன்றைக்கு நம் ஊர் வாடைக் கடல் மாதிரியே கிடந்தது. இவர் ஒரு மூலையில் கண்ணை மூடிப் படுத்துவிட்டார். நான் தேநீர் சிந்தாமல் குடித்தேன் என்று கேட்டதில் மாமனாருக்கு அவ்வளவு சந்தோஷம். "மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

சூரியன் டிசம்பர் தொடக்கத்தில் போனது, ஜனவரியில்தான் வருமாம். காலை பத்து மணிக்கு வானம் நீலமாக வெளுக்கும். இரண்டு மணிக்குள் அதுவும் போய்விடும். ஆனால் குளிர் நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. தெற்கேயிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் வருவதால் இத்தனை வடக்கிலும் கடல் உறைவதில்லை. ஒஸ்லோவில்தான் குளிர் அதிகம். மாமியார் தன் கம்பளிக் கோட்டை எனக்கே கொடுத்துவிட்டார். நல்ல கனமான கோட்டு, புதிது வாங்க அவசியமே இல்லை. 22ஆம் தேதி ராத்திரி மட்டும் காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. 1964இல் தனுஷ்கோடி போனதும் அதே ராத்திரிதானே. ஆச்சி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஜெபமாலையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இங்கேயும் கருவாடுதான் அம்மா! ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மரக்கழிப் பந்தல்கள். இப்போது காலியாக நிற்கின்றன. ஜனவரியிலிருந்து கோட் என்கிற மீன் முட்டையிட இந்தக் கடலுக்கு வரும். தலையை வெட்டி, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, பிப்ரவரியிலிருந்து மே வரை தொங்கவிடுவார்கள். உப்பே போடுவதில்லை! வெயிலும் நம் வெயில் மாதிரி கிடையாது. குளிர்காற்றிலேயே காய்ந்து விறகாகிவிடுகிறது. குளிரில் ஈ இல்லாததால் புழு வைப்பதில்லை. மீன் இத்தாலிக்குப் போகிறது, தலையை மட்டும் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். உப்பில்லாத கருவாட்டை நீ நம்பமாட்டாய் என்று ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

மாமியார் அதை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தார். புளியும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். புளி ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்து அக்கா கடையில் வாங்கியது. அந்த அக்கா எண்பதுகளில் வந்து வடகோடியில் ஃபின்மார்க்கில் மீன் வெட்டுகிற ஆலையில் வேலை பார்த்தவர். என் ஊர் தங்கச்சிமடம் என்றதும் "அட, எங்கட எதிர்க்கரை" என்று தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் சும்மாவே தந்தார். குழம்பை மாமியார் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை. நம் முற்றத்துக் கருவாட்டு வாசம் அதில் இல்லை.

அடுத்த வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கதவைத் தட்டமாட்டார், உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார், பேசவும் மாட்டார். போகும்போது மேசையில் ஒரு மீன் இருக்கும். ஒருநாள் வலையோடு வந்து கிழிசலைப் பொத்த ஆரம்பித்தார். கையிலிருந்த ஊசி அப்பா வைத்திருந்ததே தான், அதே நாக்கு, அதே வாய். நான் கையை நீட்டினேன், தந்துவிட்டார். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சில் ஏழெட்டுக் கண் போட்டேன். விரலால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மறுநாளும் அந்த வலையை எடுத்துக்கொண்டு வந்தார். இங்கே எனக்குப் பேச்சுத் துணை அவர்தான் என்று வைத்துக்கொள்.

24ஆம் தேதி மத்தியானம் எல்லாரும் கல்லறைக்குப் போனோம். நாம் நவம்பர் 2இல் செய்வதை இவர்கள் கிறிஸ்துமசுக்குச் செய்கிறார்கள். பனியைக் கையால் விலக்கி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இருட்டில் அந்த மேடு முழுக்க வெளிச்சம். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்கென்று ஒரு கல் நிற்கிறது. மாமியார் ஒரு மெழுகுவத்தியை என் கையில் கொடுத்து, "உன் அப்பாவுக்கு" என்றார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. தாத்தா தன் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்துக்கொண்டார். அப்பா பெயரை வாய்விட்டுச் சொன்னேன். மூன்று கல்லறைத் திருநாள் போய்விட்டது அம்மா, நீ தனியாகத்தான் நின்றிருப்பாய். சின்னவளாவது உன்கூட வந்தாளா? அந்த வேப்பமரத்து நிழலில் ஒரு நாழிகை உன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சரி, வீட்டு விஷயம். இன்ஜினுக்காக அண்ணன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கவேண்டாம். வாங்கினால் பிடிக்கிற மீனையெல்லாம் அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டிவரும், அப்பா பட்டது போதும். பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல். என் பங்கு வரும். இந்த மாதப் பணத்தைப் பிப்ரவரியில் சேர்த்து அனுப்புகிறேன், வருஷக் கடைசி என்பதால்தான், வேறொன்றும் இல்லை.

சின்னவளுக்கு வந்த மண்டபத்து வரன் வள்ளம் கேட்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். அவளை யாராவது கேட்டீர்களா? அவள் கையால் எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

கால் வீக்கம் குறையும்வரை நீ பாசி எடுக்கக் கடலில் இறங்காதே. மதினியிடமும் சொல்லியிருக்கிறேன். ஓரியூர் நேர்த்தியை நான் வந்து உன்னோடு சேர்ந்து செய்கிறேன், அதற்காகக் கடன் வாங்காதே.

பரணில் அப்பாவின் வலை ஊசிகள் ஒரு பால்டின்னில் இருக்கும். எலி கடிக்குமுன் எடுத்துத் துடைத்து வை. மரத்தில் செதுக்கியது ஒன்று இருக்கும், அது எனக்கு. தபாலில் அனுப்பாதே, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன் மகள்,
ரோஸி