தேவாரத்துக்கு நாலு கலர் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

97 வயதில் காலமான எங்கள் அம்மாவின் அந்தியேட்டி போன மாதம் நடந்தது. நினைவுமலர் அடிக்கும் பொறுப்பைப் பெறாமகன் ஏற்றுக்கொண்டான். 40 பக்கமும் ஆட்பேப்பர், முழுக்கலர், 500 பிரதி. கையில் எடுத்தால் கலியாண அல்பம் தோற்றுவிடும். (2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது.)

தேவாரப் பக்கத்தில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையும் அந்திக் கடலும் பின்னணி, மேலே வெள்ளை எழுத்து. அக்கா ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். "புள்ளி ஒண்டையும் காணேல்லையடா தம்பி" என்றார்.

திருகோணமலையில் 31 வருடம் அச்சு மெஷின் ஓட்டியவன் நான். கலர் அச்சில் நிறத்துக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத்தகடு. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலு பிளேட்டும் அச்சொட்டாக ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ஒன்று மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் மை ஏறிவிடும். நம் எழுத்தில் முதலில் அடைபடுவது புள்ளியும் சுழியும்தான். 'க்' எல்லாம் 'க' ஆனால் எதைப் பாடுவது?

மாம்பழக்கலர் சேலையோடு அம்மா இருக்கிற படம் கலரில் வரத்தான் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. ஓப்செற்றில் எட்டுப் பக்கம் ஒரு பாரம் (ஒரு பெரிய தாள், புறத்துக்கு நாலு பக்கம்) என்றால், 40 பக்கத்துக்கு ஐந்து பாரம், பத்துப் புறம். புறத்துக்குக் கறுப்பில் ஒரு பிளேட், கலரில் நாலு. எல்லாம் கலரென்றால் 40 பிளேட். படங்களை ஒரே புறத்தில் விழும் நாலு பக்கத்துக்குள் கட்டினால் 13 போதும். பக்கம் பக்கமாகப் படத்தைத் தூவிவிட்டுப் பில்லைப் பார்த்து அச்சகத்தோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை. கோயில் நோட்டீசுக்கு மஞ்சள் தாளில் கறுப்பு மை இன்றைக்கும் அழகுதான்.

கஞ்சம் பிடித்துக் கெடுத்ததும் உண்டு. தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் சகலன் ஒருமுறை கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சி பற்றிய துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தான். தத்தி அடித்தண்டில் சாறு உறிஞ்ச, பயிர் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, பிறகு கருகும். மஞ்சளிலேயே பிடித்தால்தான் ஏதாவது மிஞ்சும். பிரசுரத்தில் பச்சை, மஞ்சள், கருகல் மூன்றும் ஒரே சாம்பல். "இதிலை எது வருத்தம், எது நல்ல பயிர்?" என்று என்னைக் கேட்டான். அங்கேயல்லவா கலருக்குக் காசு கொட்டியிருக்க வேண்டும்!

மலர் வந்தது அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம். திருப்பி அடிக்க நேரமில்லை. தேவாரத்தை மட்டும் பெரிய எழுத்தில், வெள்ளைத் தாளில் போட்டோக்கொப்பி எடுத்து ஒவ்வொரு மலருக்குள்ளும் செருகினோம். அக்கா மலரை மேசையிலேயே வைத்துவிட்டு அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி,
உப்புவெளி, திருகோணமலை.