ஒரு டேப்பும் ஒரு மறைப்பும் வேண்டும்

எங்கள் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம். வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பதற்கு முதலில் நன்றி. போன மாதம் எங்கள் ஊரில் நடந்த முகாமைப் பற்றியே இந்த மடல்.

எடை மெஷினை வரிசைக்கு நடுவில் வைத்திருந்தார்கள். என் அண்ணி ஏறி நின்றதும், எழுதுகிறவருக்குக் கேட்கட்டும் என்று "தொண்ணூத்தி நாலு!" என ஒரு குரல். பின்னால் யாரோ சிரித்தார்கள். "சோத்தைக் குறைங்கம்மா" என்றார் ஊழியர். அவ்வளவுதான் வைத்தியம். செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறிய அண்ணி, பிரஷர் மாத்திரை வாங்கவும் அந்தப் பக்கம் போவதில்லை.

நடுவயதில் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மூளையையும் விடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அழற்சியைக் கிளப்பும், பிரஷரை ஏற்றும், மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஸ்கேன் ஆய்வுகளில் பருமனானவர்களுக்கு மூளையின் சாம்பல் நிறப் பகுதி சராசரியாகச் சுருங்கியே தெரிகிறது. எல்லோருக்கும் மறதிநோய் வந்துவிடும் என்றல்ல. ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்றாக லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு நடுவயதுப் பருமனை 2017-லேயே சேர்த்துவிட்டது. இதில் ஒரு வரியாவது அண்ணியிடம் சொல்லியிருக்கலாம்.

தொப்பையின் கணக்கு எடை மெஷினில் தெரியாது. நம் நாட்டு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பளவு வரம்பைப் பார்க்க ஒரு டெய்லர் டேப் போதும். டேப்பும், அளக்க ஒரு மறைப்பும். இதைத்தான் கேட்கிறோம்.

"தினமும் நடங்க" என்கிறீர்கள். எங்கே? குடமுருட்டிக் கரையெல்லாம் கருவை முள், ரோட்டில் லாரி. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தபின் பெண்களுக்கு வயல் வேலையும் குறைந்துபோனது. உடல் பருமன் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கேசரியும் போண்டாவும் கொடுத்தீர்கள். ருசியில் குறை சொல்ல முடியாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். குறுவை அறுப்புக்கு முன்னால் அடுத்த முகாம் என்கிறார்கள். அதற்குள் டேப்பும் மறைப்பும் வைத்து, அளவை உரக்கச் சொல்லாதிருக்க ஊழியர்களுக்கு உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அண்ணியை அழைத்து வருவது என் பொறுப்பு.